கணக்குப் பாராமல் கொடுத்த அன்னை

நம் வீடுகளில் நன்னி என்றும் பெத்தா என்றும் நாம் அழைக்கும் மூத்த தாய்மார்கள் இருக்கும் வரை அந்தக் குடும்பத்தில் ஒரு தனி பரக்கத் உண்டு. ஏறத்தாழ நூறு ஆண்டுகள் வாழ்ந்து, பெற்ற குடும்பத்துக்கும் சமுதாயத்துக்கும் நிழலாக நின்ற ஒரு மூதன்னையை இங்கே நினைவுகூர்கிறோம். அவர்கள்தாம் ஸித்தீக்குல் அக்பர் (ரலி) அவர்களின் மூத்த மகளார் ஹழ்ரத் அஸ்மா (ரலி) அவர்கள்.

கி.பி. 622இல் நாயகம் (ஸல்) அவர்களும் தந்தையாரும் ஹிஜ்ரத் புறப்பட்டபோது, உணவு மூட்டையைக் கட்டக் கயிறு கிடைக்கவில்லை. அன்னையார் தம் இடைக்கச்சையை இரண்டாகக் கிழித்துக் கட்டிக் கொடுத்தார்கள். ‘இரு கச்சை உடையவர்’ எனும் சிறப்புப் பெயர் அதனால் வந்தது. தந்தையார் கைப்பொருள் முழுவதையும் எடுத்துச் சென்றுவிட்டார்கள். பார்வையற்ற பாட்டனார் அபூகுஹாஃபா கலங்கியபோது, மாடத்தில் கற்களை வைத்துத் துணியால் மூடி, அவர் கையை அதன்மேல் வைத்துத் தேற்றினார்கள்.

பின்னர் நிறைமாதக் கர்ப்பிணியாகவே ஹிஜ்ரத் செய்து, குபாவில் அப்துல்லாஹ் (ரலி) அவர்களைப் பெற்றெடுத்தார்கள். மதீனாவில் முஹாஜிர்களுக்குப் பிறந்த முதற் குழந்தை அதுவே.

கணவர் ஸுபைர் (ரலி) அவர்களிடம் அப்போது ஒரு குதிரையும் நீரிறைக்கும் ஓர் ஒட்டகமும் தவிர வேறு செல்வமில்லை. குதிரைக்குத் தீனி வைப்பதும், தொலைவிலிருந்த தோட்டத்திலிருந்து பேரீச்சங்கொட்டைகளைத் தலையில் சுமந்து வருவதும் அன்னையாரின் வேலை. ரொட்டி சுடுவது கைவராததால் அண்டை வீட்டு அன்ஸாரிப் பெண்கள் சுட்டுக் கொடுத்தார்கள்.

அந்த நிலையிலும், கணவர் தருவதிலிருந்து தருமம் செய்யலாமா என்று நாயகம் (ஸல்) அவர்களிடம் கேட்டார்கள். இயன்றதைக் கொடுக்குமாறும், எண்ணி எண்ணிக் கொடுத்தால் அல்லாஹ்வும் எண்ணியே கொடுப்பான் என்றும் விடை கிடைத்தது. அன்று முதல் நாளைக்கென்று எதையும் சேர்த்து வைக்காமல் வாழ்ந்தார்கள்.

இஸ்லாத்தை ஏற்காத தாயார் குதைலா அன்பை நாடி வந்தபோது, அன்னையார் தாமாக முடிவு செய்யவில்லை. நாயகம் (ஸல்) அவர்களிடம் கேட்டார்கள். தாயுடன் உறவைப் பேணும்படியே கட்டளை வந்தது. மார்க்கம் வேறு என்பதற்காகப் பெற்றவளை ஒதுக்க நமக்கு அனுமதி இல்லை என்பதற்கு இது தெளிவான ஆதாரம்.

ஹிஜ்ரி 73இல் (கி.பி. 692) ஹஜ்ஜாஜின் படை மக்காவை முற்றுகையிட்டது. எழுபதைக் கடந்த மகன் அப்துல்லாஹ் (ரலி) அவர்கள், பார்வை மங்கிய தாயிடம் யோசனை கேட்டு வந்தார்கள். சத்தியத்தில் இருப்பதாக அறிந்தால் அதிலேயே நிலைத்து நிற்கும்படி சொல்லி அனுப்பினார்கள் அந்தத் தாய். மகன் ஷஹீதானார். உடல் கழுமரத்தில் தொங்க விடப்பட்டது. நேரில் வந்த ஹஜ்ஜாஜிடம் அஞ்சாமல் உண்மையைச் சொன்னார்கள். மகனை அடக்கம் செய்தபின் சில நாட்களிலேயே தாமும் மறைந்தார்கள்.

சகோதரிகளே! ஸகாத்துக்குக் கணக்கு அவசியம். அதை ஒரு காசு பிசகாமல் போட்டுக் கொடுத்தாக வேண்டும். ஆனால் ஸதகாவுக்கும், உறவைப் பேணுவதற்கும் நாம் கணக்குப் பார்க்கிறோமே, அதுதான் நம் குறை. அவள் என் வீட்டு விசேஷத்துக்கு வந்தாளா, என்ன செய்தாள் என்று எண்ணும் முன் அன்னை அஸ்மா (ரலி) அவர்களை ஒரு கணம் நினைத்துப் பார்ப்போம்.

அவர்களின் வழியில் நடக்க அல்லாஹ் நமக்கு தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.