எரிநெய்க்கு வலிவூட்டிய தோமஸ் மிட்ஜ்லி

மோட்டார் வண்டியின் வேகத்தை வியப்பவர் பலர். அவ்வேகத்துக்கு மூலமாகிய எரிநெய்யை எண்ணிப் பார்ப்பவர் சிலரே. 1960களில் அமெரிக்கத் தொழிற்சாலைகளிலிருந்து வெளிவந்து, ‘மசில் கார்’ என அந்நாட்டவர் பெருமையுடன் வழங்கிய பெருவலி வண்டிகளின் ஆற்றல், அவற்றின் இரும்புருளைகளில் மட்டும் தங்கியதன்று; பெற்றோலிற் சிறிதளவாய்க் கலந்திருந்த ஈயச் சேர்வை ஒன்றிலும் தங்கியிருந்தது. அச்சேர்வையின் பயனை உலகுக்குக் காட்டியவர் தோமஸ் மிட்ஜ்லி. வாழுங்காலத்திற் பேரறிஞர் எனப் போற்றப்பெற்ற அவர், மறைந்தபின் பெரும்பழிக்கு ஆளானார். புகழும் பழியும் ஒரே செயலிலிருந்து பிறந்தமையால் அவர் வரலாறு நாம் ஊன்றிக் கற்றற்குரியதாகின்றது.

மிட்ஜ்லி 1889ஆம் ஆண்டு மே மாதம் 18ஆந் திகதி பென்சில்வேனியா மாநிலத்துப் பீவர் போல்ஸ் என்னும் ஊரிற் பிறந்தார். தந்தையார் டயர்த் தொழிலிற் புதியன புனைந்தவர். மைந்தர் ஒகாயோ மாநிலத்துக் கொலம்பஸ் நகரில் வளர்ந்து, 1911இல் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியற் பட்டம் பெற்றார். அவர் பட்டம் பெற்ற துறை இரசாயனமன்று; அதனைப் பின்னர் வேலையினூடே தாமே முயன்று கற்றார். 1916இல், டேற்றன் நகரிற் சார்ள்ஸ் கெற்றரிங் நடத்திய ஆய்வுகூடத்திற் சேர்ந்தார். கையாற் சுழற்றாமல் மின்விசையால் மோட்டார் இயந்திரத்தை முடுக்கும் முறையை ஆக்கியவர் கெற்றரிங்.

அக்காலத்து இயந்திரங்களுக்கு ஒரு நோய் இருந்தது. உருளையினுள்ளே காற்றும் எரிநெய்யாவியும் எவ்வளவு இறுக நெருக்கப்படுகின்றனவோ, அவ்வளவுக்கு ஒவ்வொரு துளியிலிருந்தும் மிகுந்த வலுப் பெறலாம். ஆயின் ஓரெல்லையைக் கடந்தால், தீப்பொறியிலிருந்து சுடர் ஒழுங்காகப் பரவுமுன், எஞ்சிய கலவை தானே வெடித்துச் சுத்தியலால் அறைந்தாற்போல் ஒலி எழுப்பும். அத் தட்டொலி நீடித்தால் வலுக் குன்றும், முசலமும் உடையும். அக்காரணத்தால் அந்நாளைய வண்டிகளின் நெருக்கல் விகிதம் நான்குக்கு ஒன்று என்னும் அளவை ஒட்டியே நின்றது.

இக்குற்றத்தைப் பலர் கெற்றரிங்கின் மின்பொறி அமைப்பின்மேல் ஏற்றினர். மிட்ஜ்லியோ உருளையினுள் எழும் அமுக்கத்தை ஒளிக்கதிரால் படச்சுருளிற் பதியும் கருவியொன்றை அமைத்து, குற்றம் பொறியினதன்று, எரிநெய்யினதே என்று நிறுவினார். பின்னர் அதற்கு மருந்து தேடப் புகுந்தார். எரிநெய்க்குச் செந்நிறம் ஊட்டினால் அது வெப்பத்தை விரைந்து ஏற்கும் எனக் கருதி, கைக்கெட்டிய அயடீனைக் கலந்தார். ஒலி அடங்கியது. ஆனால் வேறு செஞ்சாயங்கள் பயன்படவில்லை. நிறம் காரணமன்று, அயடீனின் இயல்பே காரணம் என்பது புலனாயிற்று. பிழையான கருத்தொன்று சரியான கதவைத் திறந்துவிட்டது.

அதன்பின் அனிலீன், செலீனியம், தெலூரியம் எனப் பொருள் பலவற்றைச் சோதித்தார். தெலூரியச் சேர்வையின் கொடிய உள்ளிமணம் ஆய்வாளரின் உடலையும் உடையையும் விட்டகலாது வருத்தியது. இறுதியில் மூலகங்களின் ஆவர்த்தன அட்டவணையை வழிகாட்டியாகக் கொண்டு ஈயத்தை அடைந்தார். 1921ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆந் திகதி நாலெதைல் ஈயம் என்னும் சேர்வை சோதிக்கப்பட்டது. பெற்றோலின் ஆயிரத்தில் ஒரு பங்கினுங் குறைந்த அளவே தட்டொலியை முற்றும் அடக்கியது. 1923 பெப்ரவரியில் டேற்றனில் அது விற்பனைக்கு வந்தது. ஈயம் என்னும் சொல்லை மறைத்து, ‘எதைல்’ என்றே அதற்குப் பெயரிட்டனர்.

ஈயம் நஞ்சு என்பது அன்று எவரும் அறியாததன்று. மிட்ஜ்லியே 1923இன் தொடக்கத்தில் ஈய நஞ்சால் நலங்குன்றிப் புளோரிடாவுக்குச் சென்று ஓய்வெடுத்தார். 1924 ஒக்ரோபரில் நியூ ஜேர்சியின் பேவே ஆலையிற் பணியாற்றிய தொழிலாளர் பலர் சித்தங் கலங்கினர், ஐவர் இறந்தனர். டேற்றனிலும் டீப்வோட்டரிலும் வேறு சிலர் மாண்டனர். மக்கள் அஞ்சியபோது, மிட்ஜ்லி அம்மாதம் 30ஆந் திகதி நியூயோர்க்கிற் செய்தியாளர் முன்னிலையில் அத்திரவத்தைத் தம் கைகளில் ஊற்றிக்கொண்டார். அதன் ஆவியையும் முகர்ந்து காட்டினார். தம் உடல் முன்னரே பட்ட துன்பத்தை அவர் அறியாதவரல்லர்.

1925 மே மாதம் அரசாங்கச் சுகாதாரத் தலைமை வைத்தியர் கூட்டிய மாநாட்டில், யேல் பல்கலைக்கழகத்து யாண்டெல் ஹெண்டர்சனும் ஹார்வர்டின் அலிஸ் ஹமில்ற்றன் அம்மையாரும், இந்நஞ்சு வீதியெங்கும் மெல்லப் பரவும் என எச்சரித்தனர். விற்பனை சிறிதுகாலம் நின்றது. ஆயினும் தடைசெய்யத் தக்க சான்றில்லை என ஆய்வுக்குழு கூற, 1926இல் மீண்டும் தொடங்கிற்று. அற்ககோலைக் கலந்தாலும் தட்டொலி அடங்கும் என்பதை மிட்ஜ்லி நன்கறிவார். ஆனால் அதனை மிகுந்த அளவிற் கலத்தல் வேண்டும். எவரும் வடிக்கத்தக்க அப்பொருளைத் தனியுரிமையாக்கிப் பொருளீட்டலும் அரிது. ஈயமோ சிறிதளவே போதும். அதன் உரிமையும் நிறுவனத்தாரின் கையில் இருந்தது.

அதன்பின் மிட்ஜ்லி, குளிரூட்டிகளுக்கேற்ற தீப்பற்றாத வாயுவாகிய பிரேயோனையும் ஆக்கினார். அதுவும் பின்னாளில் வான்மண்டலத்து ஓசோன் படையைச் சிதைப்பதாக அறியப்பட்டு, 1987ஆம் ஆண்டு மொன்றியல் உடன்படிக்கையாற் கட்டுப்படுத்தப்பட்டது. 1940இல் இளம்பிள்ளைவாதம் அவர் கால்களை முடக்கியது. படுக்கையிலிருந்து தம்மைத் தூக்கியெடுக்கக் கயிறும் கப்பியும் கொண்டு ஒரு பொறியைத் தாமே அமைத்தார். 1941இல் பிறீஸ்ற்லி பதக்கம் பெற்றார். 1944இல் அமெரிக்க இரசாயனச் சங்கத்தின் தலைவருமானார். அவ்வாண்டு நவம்பர் 2ஆந் திகதி, தாம் அமைத்த கயிறுகளே கழுத்தை இறுக்க, 55ஆம் வயதில் உயிர்நீத்தார்.

அவர் விட்டுச்சென்ற எரிநெய்யின் உச்சம் அவர் மறைந்து இருபதாண்டின்பின் வந்தது. எரிநெய்யின் தட்டொலி தாங்குந் திறனை அளக்க, ஹெப்டேனுக்குச் சுழியும் ஐசோ ஒக்டேனுக்கு 100உம் என அளவுகோல் வகுக்கப்பட்டிருந்தது. உயர்ந்த ஒக்டேன் எண் கிடைத்ததும், பொறியாளர் நெருக்கல் விகிதத்தை அஞ்சாது உயர்த்தினர். 1964இல் வந்த பொன்ரியாக் ஜீ.ரீ.ஓ. வண்டியின் 6.4 இலீற்றர் இயந்திரம் 10.75க்கு ஒன்று என நெருக்கி, 325 குதிரைவலு தந்தது. 1970ஆம் ஆண்டின் செவெல் வண்டிக்கு விரும்பினோர் பெறத்தக்கதாய் அமைந்த 7.4 இலீற்றர் இயந்திரம் 11.25க்கு ஒன்று என நெருக்கி, 450 குதிரைவலு காட்டியது. ஈயமூட்டிய உயர்தரப் பெற்றோலின்றேல் இவை ஓடாமலே தம்மைத் தாம் உடைத்திருக்கும்.

இதற்குள் ஈயத்தின் மறுபக்கமும் வெளிப்பட்டது. புவியின் வயதைக் கணித்த கிளேர் பற்றர்சன், தம் ஆய்வுகூடமெங்கும் ஈயம் படிந்திருக்கக் கண்டு, அதன் பரவலை 1965இல் எடுத்துரைத்தார். 1979இல் ஹேர்பேர்ட் நீடில்மன், உதிர்ந்த பாற்பற்களில் ஈயம் மிகுந்த சிறார் அறிவுச் சோதனைகளிற் பின்தங்கினர் எனக் காட்டினார். புகையைத் தூய்மையாக்கும் ஊக்கிக் கருவியையும் ஈயம் கெடுத்தது. எனவே ஜெனரல் மோட்டோர்ஸ் நிறுவனம், தான் வளர்த்த ஈயத்தைத் தானே கைவிட முற்பட்டு, 1971ஆம் ஆண்டு வண்டிகளின் நெருக்கல் விகிதத்தைக் குறைத்தது. காப்புறுதிக் கட்டணமும் 1973இன் எண்ணெய் நெருக்கடியும் சேர, பெருவலி வண்டிகளின் காலம் முடிந்தது.

இன்று அவ்வண்டிகளைப் பேணுவோர், ஈயமற்ற பெற்றோலுக்கேற்ப அவற்றைத் திருத்துகின்றனர். தீப்பொறி பிறக்கும் நேரத்தைச் சிறிது பிந்தச்செய்வர். முசலத்தை மாற்றி நெருக்கலைக் குறைப்பர். வெப்பத்தை விரைந்து கடத்தும் அலுமினியத் தலைமூடி பொருத்துவர். ஈயப்பூச்சின் காப்பை இழந்த வால்வு இருக்கைகளை வன்மையான உருக்கால் அமைப்பர். அற்ககோல் மிகுந்த கலவையை ஏற்போர் எரிநெய் வழிகளை அகலமாக்குகின்றனர். மிட்ஜ்லி அன்று விட்டொழிந்த பாதையே இவ்வாறு மீண்டும் திறந்தது.

அமெரிக்காவில் வீதி வண்டிகளுக்கு ஈயப் பெற்றோல் 1996இல் தடைசெய்யப்பட்டது. நம் இலங்கையில் 2002இல் நீங்கியது. உலகில் இறுதியாக 2021இல் அல்ஜீரியாவில் ஓய்ந்தது. மிட்ஜ்லியின் கூர்மதியை மறுத்தல் நேர்மையன்று. அவர் ஆய்ந்த முறை இன்றும் மாணவர் பயிலத்தக்கது. ஆனால் அவர் அறியாமற் செய்தார் என விடுவித்தலும் நேர்மையன்று. எச்சரித்தோர் இருந்தனர், மாற்றுவழியும் இருந்தது, அவர் உடலே சான்று பகர்ந்தது. அவர் கதையை வகுப்பிற் கூறும் ஆசிரியர், டேற்றனில் அடங்கிய ஒலியோடு பேவேயில் மாண்ட ஐவரையும் சேர்த்தே கூறல் வேண்டும்.