தேரி மண்ணில் ஐம்பது ஆண்டுகள்

ஆரணிக்குப் பக்கத்தில் உள்ளது சேவூர். பட்டுத் தறிச் சத்தம் கேட்கும் ஊர். இந்த வட்டாரத்தில் தமிழ் பேசும் குடும்பங்களும் தெலுங்கு பேசும் குடும்பங்களும் அக்கம்பக்கத்தில் வாழ்கின்றன. நாம் கண் என்றால் அவர்கள் கன்னு என்பார்கள். நாம் மூன்று என்றால் அவர்கள் மூடு என்பார்கள். செவி இருவருக்கும் செவிதான்! கன்னடக்காரர் மூரு என்கிறார். மலையாளத்தார் மூந்நு என்கிறார்.

இந்த மொழிகள் எல்லாம் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்று விரிவாக ஆராய்ந்து எழுதியவர் ஒரு வெள்ளைக்காரப் பாதிரியார். மொழி ஆராய்ச்சிக்காக அவர் நம் நாட்டுக்கு வரவில்லை; மத ஊழியத்துக்காக வந்தார். அவர்தான் பிஷப் கால்டுவெல்.

கப்பலில் ஒரு வாத்தியார்

ராபர்ட் கால்டுவெல் 1814-ம் ஆண்டு மே 7-ந் தேதி அயர்லாந்தில் பிறந்தார். பெற்றோர் ஸ்காட்லாந்துக்காரர்கள். எளிய குடும்பம். பதினாறு வயதில் ஓவியம் கற்க டப்ளின் நகருக்குப் போனார். அங்கே மனம் மாறியது. தூரிகையை வைத்துவிட்டுச் சமயத் தொண்டில் இறங்கினார். கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் படித்தபோது, கிரேக்க மொழிப் பேராசிரியர் ஒருவர் மொழிகளை ஒப்பிட்டுப் பார்க்கும் ஆசையை அவருக்கு ஊட்டிவிட்டார்.

1837-ல் இந்தியாவுக்குக் கப்பல் ஏறினார். சுமார் நான்கு மாதப் பயணம். அதே கப்பலில் சி. பி. பிரவுன் வந்தார். தெலுங்கு மொழிக்குப் பெருந்தொண்டு செய்த அதே பிரவுன்தான்! கடல் பயணம் முழுவதும் கால்டுவெல்லுக்குப் படிப்பு நடந்தது. 1838 ஜனவரியில் சென்னையில் இறங்கினார். அப்போது அவருக்கு வயது இருபத்து மூன்று.

கால்நடையாக

மூன்று ஆண்டுகள் சென்னையில் தமிழ் கற்றார். பிறகு ஆங்கிலத் திருச்சபையில் சேர்ந்து திருநெல்வேலிச் சீமைக்குப் புறப்பட்டார். எப்படிப் போனார் தெரியுமா? நடந்தே போனார்! தரங்கம்பாடி, தஞ்சாவூர், நீலகிரி, மதுரை என்று சுற்றிச் சுற்றி நடந்தார். வெள்ளைக்காரர் என்றால் பல்லக்கு அல்லது குதிரை என்றிருந்த காலம் அது. மக்களின் பேச்சையும் பழக்கத்தையும் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும் என்பது அவர் எண்ணம்.

1841-ம் ஆண்டின் கடைசியில் இடையன்குடி வந்து சேர்ந்தார். சிவப்பு மணல் மேடுகள் நிறைந்த தேரிப் பகுதி. பனைமரம்தான் அங்கே பிழைப்பு. அந்தச் சின்ன ஊரில் தெருக்களை நேராக அமைத்தார், பள்ளிக்கூடம் வைத்தார். 1844-ல் எலைசா என்ற பெண்ணை மணந்தார். நாகர்கோவிலில் ஊழியம் செய்த பாதிரியாரின் மகள். தமிழ் மண்ணில் வளர்ந்தவர் ஆகையால் தமிழ் சரளமாகப் பேசுவார். பெண் பிள்ளைகளுக்குப் படிப்பும், ரேந்தை என்கிற லேஸ் பின்னலும் அவர் கற்றுக்கொடுத்தார். பல வீடுகளில் அந்தப் பின்னல் ஊசியே நாலு காசு வரும் வழி ஆயிற்று. இந்த அம்மையாரைப் பற்றித் தனியாகவே ஒரு கட்டுரை எழுதலாம்.

ஒரு பேனா, இரண்டு புத்தகங்கள்

1849-ல் கால்டுவெல் ஒரு சிறு நூலை வெளியிட்டார். தம்மோடு வாழ்ந்த அப்பகுதி நாடார் மக்களைப் பற்றிய ஆங்கில நூல் அது. அவர்கள் இலங்கையிலிருந்து வந்து குடியேறியவர்கள் என்றும், அறிவில் தாழ்ந்தவர்கள் என்றும் எழுதிவிட்டார். சீமையில் உள்ளவர்கள் படித்து, ஊழியத்துக்குப் பணம் உதவவேண்டும் என்பதற்காக எழுதியது. அதனால் குற்றம் குறைந்துவிடாது.

மிஷன் பள்ளிகளில் ஆங்கிலம் கற்ற பிள்ளைகளே வளர்ந்து அதைப் படித்தார்கள். கொதித்துப் போனார்கள். நாசரேத்தைச் சேர்ந்த சட்டாம்பிள்ளை, 1857-ல் வெள்ளைக்காரர் மிஷனை விட்டுப் பிரிந்து தனிச் சபையே தொடங்கிவிட்டார். அந்த நூலைக் கடுமையாகத் தாக்கியவர்களில் அவரும் ஒருவர். 1880-களில் அரசாங்கத்துக்கு மனுக்கள் பறந்தன. கடைசியில் கால்டுவெல் அந்த நூலைப் புழக்கத்திலிருந்து விலக்கிக்கொண்டார். ஆனால் சொன்ன சொல்லின் வடு எளிதில் ஆறவில்லை.

அதே பேனா 1856-ல் வேறொரு நூலைத் தந்தது. திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம்! லண்டனில் அச்சாயிற்று. தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம் முதலியவை சமஸ்கிருதத்திலிருந்து பிறந்தவை என்றே பண்டிதர்கள் பலர் அன்று நம்பினார்கள். சென்னைக் கலெக்டர் எல்லிஸ் 1816-லேயே அது தவறு என்று எழுதியிருந்தார். அந்த முதல் பெருமை எல்லிஸுக்கே உரியது. ஆனால் எண்கள், மூவிடப்பெயர்கள், வினைச்சொற்கள் என்று ஒவ்வொன்றாக எடுத்து, மொழிக்கு மொழி ஒப்பிட்டு, உலகம் ஏற்கும்படி காட்டியவர் கால்டுவெல்தான். இந்த மொழிகளுக்கு வட ஆசிய மொழிகளோடு உறவு உண்டு என்ற அவருடைய கருத்தைப் பிற்கால அறிஞர்கள் பெரும்பாலும் ஏற்கவில்லை. அடிப்படை மட்டும் அசையவில்லை.

அத்தியட்சர்

1877 மார்ச் 11-ந் தேதி கல்கத்தாவில் அவருக்குப் பிஷப் பட்டம் கட்டினார்கள். அப்போது தாது வருஷப் பஞ்சம் தென்னாட்டை வாட்டிக்கொண்டிருந்தது. வயது அறுபத்திரண்டு. பட்டம் வந்த கையோடு பஞ்ச நிவாரண வேலை தலைமேல் விழுந்தது. அதற்கு நடுவிலும் ஆராய்ச்சி ஆசை விடவில்லை. பாண்டியரின் பழைய துறைமுகமான கொற்கையில் மண்ணைத் தோண்டிப் பார்த்தார். 1881-ல் திருநெல்வேலிச் சரித்திரம் எழுதினார்.

இடையன்குடியில் அவர் 1847-ல் அடிக்கல் நாட்டிய கோயில், 1880-ல்தான் திறக்கப்பட்டது. முப்பத்து மூன்று ஆண்டுகள்! பணம் வந்தபோது சுவர் ஏறியது, வராதபோது நின்றது. மூன்று ஆண்டு கழித்துத் தூத்துக்குடிக்குக் குடி போனார்.

1891 ஜனவரியில் ஓய்வு பெற்றார். பிறந்த நாட்டுக்குக் கப்பல் ஏறவில்லை. கொடைக்கானல் மலையில் தங்கினார். அங்கேயே அந்த ஆண்டு ஆகஸ்ட் 28-ந் தேதி உயிர் பிரிந்தது. மலையிலிருந்து உடலை இறக்கி, தேரி மண்ணுக்குக் கொண்டு வந்தார்கள். முப்பத்து மூன்று ஆண்டுகள் கட்டிய அந்தக் கோயிலுக்குள்ளேயே, பீடத்தின் அடியில் அடக்கம் செய்தார்கள்.