லமார்கஸ் தாம்ஸன்

உயரே ஏறிச் சரேலெனக் கீழிறங்கும் ரோலர் கோஸ்டர் சவாரியை அமெரிக்காவில் பரவச் செய்தவர் லமார்கஸ் தாம்ஸன். இவர் 1848ஆம் ஆண்டு ஒஹாயோ மாநிலத்தில் பிறந்தார். இளமையில் தச்சுத் தொழில் கற்றார். பின்னர்க் காலுறைத் தொழிலில் பெரும்பொருள் ஈட்டினார். ஆயினும், உடல்நலம் குன்றியமையால் அத்தொழிலைக் கைவிட நேர்ந்தது.

அக்காலத்தில் பென்சில்வேனியாவில், நிலக்கரி கொண்டுசெல்ல அமைத்த மலை இருப்புப்பாதையில் மக்கள் இன்பச் சவாரி செய்து வந்தனர். அத்தகைய மகிழ்ச்சியை நகர மக்களுக்கும் அளிக்கத் தாம்ஸன் விரும்பினார்.

1884ஆம் ஆண்டு நியூயார்க் நகரின் கோனி தீவில் அவரது சவாரி தொடங்கியது. பாதையின் நீளம் 600 அடி. கட்டணம் 5 சென்ட். வண்டிக்கு எஞ்சின் இல்லை. புவியீர்ப்பு விசையே அதனை இயக்கியது. அதன் வேகம் மணிக்குச் சுமார் 10 கிலோமீட்டர்தான். மறுமுனையில் பயணிகள் இறங்கியதும், பணியாளர்கள் வண்டியைத் திரும்பும் பாதைக்கு மாற்றினர். இப்புதுமையைக் காண மக்கள் திரண்டனர்.

விரைவிலேயே, பயணிகள் இடையில் இறங்காமல் சுற்றிவரும் பாதைகளைப் பிறர் அமைத்தனர். தாம்ஸன் மனம் தளரவில்லை. 1887ஆம் ஆண்டு அட்லாண்டிக் சிட்டியில், வண்ணக் காட்சிகள் நிறைந்த புதிய பாதையை உருவாக்கினார். 1919ஆம் ஆண்டு அவர் மறைந்தார். போட்டியைக் கண்டு அஞ்சாமல், தம் படைப்பைத் தாமே மேம்படுத்திய அவரது ஊக்கம் போற்றத்தக்கது.