ஐம்பொன் ஐயப்பனை அளித்த உத்தமபாளையத்துக்காரர்

கார்த்திகை முதல் தேதி மாலை அணிந்து, விரதம் இருந்து, இருமுடி சுமந்து மலைக்கு நடந்து திரும்பிய பக்தருக்கு, மாலையைக் கழற்றும் நேரத்தில் மனதில் ஒரு வெறுமை தோன்றும். காலில் கொப்புளம் ஆறியிருக்காது. ஆனால் மனம் மறுபடியும் மலைக்கே ஓடும். அடுத்த கார்த்திகை எப்போது வரும் என்ற ஏக்கமும், நல்லபடியாகத் தரிசனம் கிடைத்ததே என்ற நன்றியும் கலந்து நிற்கும். அந்த நன்றியில் ஒரு பங்கு தமிழக அரசியல் தலைவர் ஒருவருக்கும் உரியது. சபரிமலையில் நாம் கண்குளிரக் காணும் ஐம்பொன் விக்கிரகத்தைச் செய்வித்து அளித்தவர் சர் பி.டி. ராஜன்.

இடுக்கி மாவட்டத்துக் குமுளியிலிருந்து மலையிறங்கினால் கூடலூர், கம்பம், உத்தமபாளையம் என்று ஊர்கள் வரிசையாக வரும். அந்த உத்தமபாளையத்தில், நிலபுலம் மிகுந்த குடும்பத்தில் 1892இல் பிறந்தவர் பொன்னம்பல தியாகராஜன். அவருக்கு மூன்று வயதானபோது, 1895இல், முல்லைப் பெரியாறு அணை திறக்கப்பட்டு மேற்கு மலையின் தண்ணீர் கம்பம் பள்ளத்தாக்குக்கு வந்தது. வயலுக்குத் தண்ணீர் தந்த அதே மலைத்தொடரில்தான் ஐயப்பனும் குடிகொண்டிருந்தார்.

இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டில் படித்து, பாரிஸ்டராகித் தாயகம் திரும்பிய ராஜன் நீதிக்கட்சியில் சேர்ந்தார். 1920இல் சென்னை மாகாணச் சட்டசபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1930 முதல் அபிவிருத்தித் துறை மந்திரியாகப் பணியாற்றினார். 1936இல் பொப்பிலி ராஜா பொறுப்பிலிருந்து விலகியிருந்த காலத்தில், ஏப்ரல் முதல் ஆகஸ்டு வரை, மாகாணத்தின் பிரதம மந்திரியாகவும் இருந்தார்.

அடுத்த ஆண்டுத் தேர்தலில் நீதிக்கட்சி படுதோல்வி கண்டது. 1944இல் பெரியார் அக்கட்சியைத் திராவிடர் கழகமாக மாற்றியபோது, அதில் சேராமல் பழைய பெயரிலேயே ஒரு சிறு பிரிவை நடத்திவந்தார் ராஜன். ஆள்பலம் குறைந்தது, பதவி போயிற்று. தெய்வ நம்பிக்கையை மட்டும் அவர் விடவில்லை. கோயில் நிர்வாகத்தைச் சட்டத்தின் கீழ்க் கொண்டுவந்த கட்சியைச் சேர்ந்தவர், கோயில் திருப்பணிக்கும் முன்னின்றார். இரண்டுக்கும் பகை இருப்பதாக அவர் கருதவில்லை போலும்.

1950ஆம் ஆண்டு சபரிமலைக் கோயில் தீக்கிரையாயிற்று. மூலவிக்கிரகம் சிதைந்தது. அந்நாளில் பம்பை வரை பஸ் கிடையாது. எருமேலியிலிருந்து அழுதை, கரிமலை ஏறியோ, வண்டிப்பெரியாறு பக்கமிருந்து புல்மேடு இறங்கியோ காட்டு வழியே நடந்துதான் சன்னிதானம் சேர வேண்டும். யானைக்கும் புலிக்கும் அஞ்சாமல் சரணம் சொல்லி நடந்த அடியார்களுக்கு, அந்தச் செய்தி எத்தனை வேதனை தந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

புதிய விக்கிரகத்திற்கு ஏற்பாடு செய்யும் பணியில் முன்வந்து நின்றார் ராஜன். செங்கன்னூரைச் சேர்ந்த தட்டவிளைச் சகோதரர்கள் என்னும் ஸ்தபதிகள் அதை ஐம்பொன்னில் வார்த்தனர். இன்று பாலக்காடு வழியாக ரயிலில் வரும் தமிழ் பக்தர்கள் மூட்டையும் முடியுமாக இறங்குகிறார்களே, அதே செங்கன்னூர்தான்.

விக்கிரகம் தயாரானதும் நேரே மலைக்குப் போய்விடவில்லை. ராஜனும் நாடக மேதை நவாப் ராஜமாணிக்கமும் முன்னின்று, தமிழகத்து ஊர்கள் பலவற்றிற்கு அதை ஊர்வலமாகக் கொண்டு சென்றனர். மலைக்குப் போக வழக்கம் இடம் தராத பெண்கள், நடக்க இயலாத முதியோர், வழிச்செலவுக்குப் பணமில்லாத ஏழைகள் என்று எத்தனையோ பேர் வாழ்நாள் முழுவதும் ஏங்கிக்கொண்டிருந்தார்கள். தெய்வத்தைத் தேடி மனிதர் நடப்பது உலக வழக்கம். இங்கோ, அவர்களைத் தேடி ஐயப்பனே ஊர் ஊராக வந்தார். கருவறைக்குள் சென்றபின் யாரும் அருகில் நெருங்க முடியாத விக்கிரகத்தை, ஏழை எளியவர்கள் தங்கள் தெருவிலேயே கும்பிட்டனர்.

1951இல் விக்கிரகம் மலையில் பிரதிஷ்டை செய்யப்பட்டது. இன்றும் ஆண்டுதோறும் இடவ மாதம் பிரதிஷ்டை தினத்துக்காக நடை திறக்கப்படுகிறது. நவாப் ராஜமாணிக்கம் ஐயப்பன் சரித்திரத்தை நாடகமாக்கி மேடையேற்றி வந்தார். அவர் குழுவில் சிறுவனாகச் சேர்ந்த எம்.என். நம்பியார் பிற்காலத்தில் புகழ்பெற்ற குருசாமி ஆனார். தமிழகத்திலிருந்து மாலை போடுவோர் தொகையும் ஆண்டுக்கு ஆண்டு பெருகியது.

ராஜன் 1952இல் கம்பம் தொகுதியிலிருந்து சட்டசபைக்குத் தேர்வானார். மதுரை மீனாட்சி அம்மன் கோயில் திருப்பணிக்குத் தலைமை ஏற்று 1963இல் கும்பாபிஷேகம் நடத்திவைத்தார். 1974இல் காலமானார்.

அவர் வகித்த பிரதம மந்திரி பதவி ஐந்து மாதம்கூட நீடிக்கவில்லை. அவர் கட்டிக்காத்த கட்சியும் மறைந்துவிட்டது. அவர் அளித்த விக்கிரகம் மட்டும் பதினெட்டாம் படிக்கு மேலே நின்று, நடந்து வந்தவர் எல்லோருக்கும் தரிசனம் தருகிறது. தமிழரின் பக்தியும் மலையாளச் சிற்பியின் கைத்திறனும் சேர்ந்து உருவானது அது. பிழைப்புக்காக எல்லை தாண்டி வந்து, கேரள மக்களோடு ஒன்றாக வாழும் தமிழர்கள், அடுத்தமுறை மலையேறும்போது அந்த உத்தமபாளையத்துக்காரரையும் ஒரு கணம் நினைத்துக் கும்பிடலாம்.