பழகிய பொறுமை: புனித அருளானந்தர்

அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பார்கள் நம் பெரியோர். நற்குணங்களும் அப்படித்தான். பொறுமை, தாழ்ச்சி, தன்னொறுத்தல் ஆகியவை ஒரே நாளில் நம்மை வந்து சேர்வதில்லை. இறைவன் அருளைத் தருகிறார். நாள்தோறும் பழகிக்கொள்வது நம் கடமை. இந்த உண்மையை வாழ்ந்து காட்டியவர், பழைய மதுரை மிஷனின் மறைசாட்சியான புனித அருளானந்தர்.

இவர் 1647ஆம் ஆண்டு மார்ச் 1ஆம் நாள், போர்ச்சுக்கல் நாட்டு லிஸ்பன் நகரில் உயர்குடியில் பிறந்தார். இயற்பெயர் ஜான் தெ பிரிட்டோ. இளம் வயதிலேயே தந்தையை இழந்தார். பின்னர் அரண்மனையில் இளவரசரின் தோழராக வளர்ந்தார். செபமும் அடக்கமுமாக இருந்த அவரை உடனிருந்த சிறுவர்கள் கேலி செய்து துன்புறுத்தினார்கள். அவர் பழிக்குப் பழி வாங்கவில்லை. அங்கேதான் அவருடைய பொறுமைக்கு முதற்பாடம் தொடங்கியது.

ஒருமுறை அவர் கடும் நோயுற்றார். தாயார் புனித சவேரியாரிடம் நேர்ந்துகொண்டார். நலம் பெற்றதும், நேர்ச்சைப்படி ஓராண்டு சேசு சபையின் அங்கியை அணிந்தார். 1662இல் அச்சபையிலேயே சேர்ந்தார். 1673இல் குருவாகி, தாயின் கண்ணீரையும் கடந்து இந்தியாவுக்குக் கப்பலேறினார்.

மாளிகையில் வளர்ந்தவர் இங்கே காவியுடுத்திப் பண்டார சுவாமியாக வாழ்ந்தார். புலால் உண்ணவில்லை. தரையில் படுத்தார். தமிழ் கற்று, வெயிலிலும் மழையிலும் ஊர் ஊராக நடந்தார். ஏழைகளை அன்போடு தேடிச் சென்றார். மக்கள் அவரை அருளானந்தர் என்று அழைத்தனர்.

1686இல் மறவர் நாட்டில் பிடிபட்டு, விலங்கிடப்பட்டு, அடியும் உதையும் பட்டார். விடுதலையானபின் மேலிடத்தின் கட்டளைப்படி தாயகம் சென்றார். முன்பு தோழராயிருந்த இளவரசரே அப்போது அரசர். அவர் தம்மோடு தங்கும்படி வற்புறுத்தினார். அருளானந்தரோ அங்கும் எளிய மரக்கறி உணவையே உண்டார். 1690இல் மீண்டும் இந்தியா வந்தார்.

1693 ஜனவரியில் தடியத்தேவர் என்னும் சிற்றரசர் அவரிடம் ஞானஸ்நானம் பெற்றார். ஒரு மனைவியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்கினார். விலக்கப்பட்டவர்களுள் ஒருத்தி சேதுபதி மன்னரின் உறவினர். அவள் முறையிடவே, அருளானந்தர் கைதானார். ஓரியூர்ச் சிறையில், கரியை நீரில் குழைத்து மையாக்கி, குச்சியால் தம் சபையாருக்குக் கடிதம் எழுதினார். பிப்ரவரி 4ஆம் நாள், நாற்பத்தைந்து வயதில், கலங்காமல் தலை கொடுத்தார். 1947இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் அவரைப் புனிதராக அறிவித்தார். ஓரியூரின் செம்மண்ணை இன்றும் பக்தர்கள் எடுத்துச் செல்கிறார்கள். உசிலம்பட்டிச் சாலையில் கருமாத்தூரில் உள்ள கல்லூரி அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

அன்புத் தோழியரே! ஓரியூரில் காட்டிய துணிவு அன்று காலை பிறந்ததன்று. கேலியைப் பொறுத்தது, சுவையான உணவை விட்டது, கால் நோக நடந்தது ஆகிய சிறு சிறு பழக்கங்களால் வளர்ந்தது. நம் கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சைக் கொடியை ஒரே நாளில் பந்தலில் படரவிட முடியுமா? தினம் பார்த்து, வளைத்துக் கட்டி, வேண்டாததைக் கவாத்து செய்தால்தானே குலை தள்ளும்? நம் மனமும் அத்தகையதே. நமக்குத் தலை கொடுக்கும் வேளை வராமல் போகலாம். ஆனால் சுடுசொல்லை அடக்கவும், தம்பி தங்கையரிடம் பொறுமை காட்டவும், தாய்க்கு முகம் சுளிக்காமல் உதவவும் தினமும் வேளை வருகிறது. அவ்வேளைகளை நழுவ விடாமல் இன்றே பழகுவோம். புனித அருளானந்தரே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்!