கல்லூரி வளர்த்த பெருந்தகை வில்லியம் மில்லர்

கல்லூரி ஒன்று வளர்ந்ததென்று எதைக்கொண்டு சொல்வது? கட்டடத்தைக் கொண்டா, மாணவர் தொகையைக் கொண்டா? இவ்வினாவிற்குத் தம் வாழ்வையே விடையாக்கியவர் வில்லியம் மில்லர்.

ஸ்காட்லாந்தின் வடகோடியிலுள்ள தர்சோவில் 1838-ஆம் ஆண்டு பிறந்த மில்லர், 1862-இல் தம் இருபத்து நான்காம் அகவையில் சென்னை வந்தார். ஜான் ஆண்டர்சன் 1837-இல் தோற்றுவித்த சமயப்பணிப் பள்ளி தளர்ந்திருந்த காலம் அது. மில்லர் பொறுப்பேற்றபின் சில ஆண்டுகளிலேயே அங்குப் பட்ட வகுப்புகள் தொடங்கப்பெற்றன. பிற சபைகளும் கைகோக்க, 1877-இல் அது சென்னைக் கிறித்தவக் கல்லூரி எனப் பெயர் பூண்டது. தம் சொந்தப் பொருளையும் அதன் வளர்ச்சிக்கே ஈந்தார் மில்லர். வெளியூர் மாணவர்க்கு விடுதிகள் எழுந்தன.

ஆயினும் அவர் எதிர்ப்பையும் சந்திக்க நேர்ந்தது. மதம் மாறியோர் எத்தனை பேர் என எண்ணிக் கேட்டனர் சமயப்பணியாளர் சிலர். கல்வியின் பயனை அவ்வாறு எண்ணிப் பார்த்தல் தகாது, அது சமுதாயத்தின் உள்ளத்தில் மெல்லப் பரவுவது என்பது மில்லரின் கொள்கை. அதனின்று அவர் வழுவவில்லை. 1882-இன் இந்தியக் கல்விக் குழுவில் உறுப்பினராக விளங்கிய அவர், பின்னர்ச் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தருமானார். சேக்சுபியரின் நான்கு துன்பியல் நாடகங்களை ஆராய்ந்து நூல்களும் யாத்தார்.

தமிழுலகம் அவரை நினைக்க வேறொரு காரணமும் உண்டு. அவர்தம் மாணவருள் ஒருவர் வி. கோ. சூரியநாராயண சாஸ்திரியார், நாம் பரிதிமாற் கலைஞர் எனப் போற்றுபவர். 1892-இல் தத்துவத்திலும் தமிழிலும் முதன்மையுற்றுத் தேறிய அவருக்குத் தத்துவ ஆசிரியர் பணியை நல்க முன்வந்தார் மில்லர். சாஸ்திரியாரோ தமிழாசிரியர் பணியையே விழைந்தார். தமிழாசிரியர்க்கு மதிப்பும் ஊதியமும் குன்றியிருந்த நாளில் அவ்விழைவை மதித்து இடமளித்தது அக்கல்லூரி. தமிழைச் செம்மொழியென நிறுவ முற்பட்ட அக்குரல் அங்கிருந்தே ஒலித்தது. 1903-இல் முப்பத்து மூன்றே வயதில் சாஸ்திரியார் மறைந்தபோது ஆசிரியரான மில்லர் பெரிதும் கலங்கினார்.

நாற்பத்தைந்து ஆண்டுப் பணிக்குப்பின் 1907-இல் தாயகம் திரும்பிய மில்லர், 1923-இல் மறைந்தார். கல்லூரி 1937-இல் தாம்பரத்திற்குப் பெயர்ந்தது.

பீங்கான் சூளைகளுக்குப் பெயர்பெற்ற விருத்தாசலத்தில் வாழும் நாம் ஒன்றறிவோம்: மண்ணின் இயல்பறிந்து வனைபவனே நல்ல வினைஞன். தம் விருப்பத்திற்கேற்ப மாணவரை வளைக்காது, அவர்தம் இயல்பறிந்து வழிவிட்டவர் மில்லர். இளங்கவிஞரை வளர்க்க முனையும் நம் போன்ற மன்றங்கள் அவரிடம் கற்க வேண்டிய பாடமும் இதுவே.