மாண்டிசோரி அம்மையார்

வைகாசி கழிந்து ஆனி பிறக்கும்போது குற்றாலத்தில் சாரல் விழத் தொடங்கும். பள்ளிக்கூடங்களும் திறந்துவிடும். நமது தென்காசி வட்டாரத்தில் மூன்று வயதுக் குழந்தையை வைத்திருக்கும் பெற்றோருக்கு அப்பொழுது ஒரு கவலையும் சேர்ந்தே பிறக்கிறது. பிள்ளையை எங்கே விடுவது? தெருமுனை அங்கன்வாடியிலா, எல்.கே.ஜி. என்று பலகை தொங்கும் ஆங்கிலப் பள்ளியிலா, இல்லை ஆச்சியின் மடியிலேயே இன்னும் ஓராண்டு இருக்கட்டுமா? சீசன் கடைக்குப் போகும் தாயும், திண்ணையில் முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றும் தாயும், அலுவலகத்துக்குப் பஸ் ஏறும் தாயும் கேட்பது இந்த ஒரே கேள்விதான். ஊர் ஊராகப் பள்ளிப் பலகைகளில் மாண்டிசோரி என்ற பெயரைக் காண்கிறோம். அந்தப் பெயருக்குரிய அம்மையார் யார் என்று அறிந்துகொண்டால், பலகையைப் படிக்கும் கண் சற்றுத் தெளிவாகும்.

மரியா மாண்டிசோரி 1870-ம் ஆண்டு ஆகஸ்டு 31-ந் தேதி, இத்தாலி தேசத்தில் அங்கோனா நகருக்கு அருகேயுள்ள கியாரவல்லே என்னும் சிற்றூரில், கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தார். தகப்பனார் அலெசாந்த்ரோ அரசாங்க உத்தியோகஸ்தர். மகள் வைத்தியம் படிக்க வேண்டுமென்று பிடிவாதம் பிடித்தபோது அவருக்கு மனமில்லை. தாயார் ரெனில்டே மகளின் பக்கம் நின்றார். ஆண் மாணவர்களோடு சேர்ந்து பிரேதப் பரிசோதனை செய்வது அந்நாளில் தகாதென்று எண்ணப்பட்டமையால், மாலையில் தனியாக அந்த அறையில் நின்று படித்தார். 1896-ல் உரோமை சர்வகலாசாலையில் பட்டம் பெற்றார். இத்தாலியில் இப்படிப் பட்டம் பெற்ற முதற்சில பெண்களுள் அவரும் ஒருவர்.

வைத்தியராக அவர் முதலில் கண்ட குழந்தைகள், மனநோய் விடுதியில் பெரியவர்களோடு சேர்த்து அடைக்கப்பட்டிருந்த அறிவு வளர்ச்சி குன்றிய பிள்ளைகள். சாப்பாடு முடிந்ததும் தரையில் கிடந்த ரொட்டித் துணுக்குகளை அவர்கள் பொறுக்குவார்கள். பார்த்தவர்கள் பெருந்தீனி என்று முகம் சுளித்தார்கள். அம்மையார் அந்த வெற்று அறையைச் சுற்றிப் பார்த்தார். கையால் தொட்டு விளையாட அங்கே வேறொன்றும் இல்லை! அந்தப் பிள்ளைகளின் பசி வயிற்றுப் பசியன்று, கைகளின் பசி என்று அவர் கண்டுகொண்டார். பிரான்சு தேசத்து வைத்தியர்களான இத்தார், செகென் ஆகியோரின் நூல்களைத் தேடிப் படித்து, அவர்கள் வழியில் பொருள்களைச் செய்து அப்பிள்ளைகளுக்குக் கொடுத்தார்.

இங்கே ஒரு செய்தியை மறைக்காமல் சொல்ல வேண்டும். உடன் வேலை செய்த வைத்தியர் மொந்தெசானோ என்பவரால் அவருக்கு 1898-ல் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. திருமணம் நடைபெறவில்லை. மரியோ என்ற அக்குழந்தையை உரோமைக்கு வெளியே நாட்டுப்புறத்துக் குடும்பம் ஒன்றில் வளர்க்க விட்டார்கள். அம்மையார் அவ்வப்போது போய்ப் பார்த்து வருவார். தாம் யார் என்று சொல்லமாட்டார். உண்மை வெளிப்பட்டிருந்தால் அவருடைய தொழில் அன்றே முடிந்திருக்கும். உலகத்துக் குழந்தைகளையெல்லாம் எங்கே, யாரிடம் விடுவது என்று பின்னாளில் வழிகாட்டியவர், தம் சொந்தக் குழந்தையைப் பிறர் வீட்டில் விட்டவர். பிள்ளையை விட்டுவிட்டு வேலைக்குப் போகும் தாய்மாரிடம் அவர் ஒருபோதும் கடுமை காட்டாததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று எண்ணத் தோன்றுகிறது.

உரோமையில் சான் லொரென்சோ என்பது அப்போது மிக ஏழைப்பட்ட பகுதி. ஒரு கட்டட நிறுவனம் அங்கிருந்த குடியிருப்புகளைப் பழுதுபார்த்துக் கூலித் தொழிலாளருக்கு வாடகைக்கு விட்டது. தாயும் தகப்பனும் வேலைக்குப் போய்விட, பள்ளிக்குச் செல்லும் வயதாகாத பிள்ளைகள் படிக்கட்டுகளில் திரிந்து புதுச் சுவர்களைக் கீறிப் பாழாக்கினார்கள். அடிக்கடி வெள்ளையடிக்கும் செலவைவிடப் பிள்ளைகளை ஓர் அறையில் வைத்துப் பார்த்துக்கொள்வது மலிவு என்று நிறுவனத்தார் கணக்குப் போட்டார்கள். உலகப் புகழ் பெற்ற கல்விமுறை பிறந்தது இந்தச் சுண்ணாம்புக் கணக்கில்தான்! 1907-ம் ஆண்டு ஜனவரி 6-ந் தேதி, மூன்று இராசாக்கள் திருநாளன்று, அவ்வறை குழந்தைகள் இல்லம் என்ற பெயரோடு திறக்கப்பட்டது. அத்திருநாளின் பூசையில் வாசிக்கப்படும் இசையாஸ் தீர்க்கதரிசியின் பகுதியையே அம்மையார் அன்று வாசித்தார். வந்திருந்தவை அழுது வடிந்த முகத்தோடு ஐம்பதுக்கு மேற்பட்ட குழந்தைகள். பார்த்துக்கொள்ள அமர்த்தப்பட்டவர் ஆசிரியப் பயிற்சி இல்லாத ஓர் இளம்பெண்.

ஒரு நாள் அந்த இளம்பெண் நேரங்கழித்து வந்தாள். முந்தின நாள் அலமாரியைப் பூட்ட மறந்திருந்தாள். பிள்ளைகள் தாங்களே திறந்து, அவரவர்க்கு வேண்டிய பொருளை எடுத்துக்கொண்டு வேலை செய்துகொண்டிருந்தார்கள். அவள் அதைத் திருட்டு என்று கருதினாள். அம்மையாரோ, பிள்ளைகளுக்கு எது வேண்டுமென்று தெரிந்திருக்கிறது என்று கண்டு, பூட்டில்லாத தாழ்ந்த அலமாரிகளைச் செய்வித்தார். இன்னொரு நாள் கைக்குட்டையால் ஓசையின்றி மூக்குச் சிந்துவது எப்படி என்று செய்து காட்டினார். பிள்ளைகள் சிரிப்பார்கள் என்று எண்ணினார். அவர்களோ கைதட்டினார்கள்! மூக்கொழுகுகிறது என்று எப்போதும் ஏச்சு வாங்கிய பிள்ளைகளுக்கு அதை ஏச்சில்லாமல் கற்றுக்கொடுத்தவர் அதுவரை யாருமில்லை.

எழுத்துக் கற்பிக்க அவர் முதலில் எண்ணவே இல்லை. எழுதப் படிக்கத் தெரியாத தாய்மார்களே வந்து கெஞ்சினார்கள். உப்புத்தாளில் எழுத்துகளை வெட்டி அட்டையில் ஒட்டி, விரலால் தடவிப் பார்க்கக் கொடுத்தார். நமது திண்ணைப் பள்ளிகளில் மணலில் விரலால் எழுதிய முறைக்கு இது தூரமன்று. சில மாதங்கள் சென்றபின், டிசம்பர் மாதத்தில் வெயில் அடித்த ஒரு நாள், மொட்டை மாடியில் ஐந்து வயதுச் சிறுவன் ஒருவனிடம் சுண்ணக்கட்டியைக் கொடுத்துப் புகைபோக்கியை வரையச் சொன்னார். அவன் வரைந்தான். பிறகு திடீரென்று தரையில் சொற்களை எழுதத் தொடங்கினான். எழுத வருகிறது, எழுத வருகிறது என்று கூவினான். மற்றப் பிள்ளைகளும் ஓடிவந்து எழுதினார்கள். ஒருவர் கையையும் யாரும் பிடித்து எழுத வைக்கவில்லை. மூன்று வயதுப் பிள்ளைக்கு நான்கு கோடு நோட்டும் வீட்டுப் பாடமும் கொடுத்துவிட்டு இந்த அம்மையாரின் பெயரைப் பலகையில் எழுதுவோர் இந்த இடத்தைச் சற்று வாசிக்கலாம். அப்பெயர் எவருக்கும் தனியுரிமையானதன்று, யாரும் எழுதிக்கொள்ளலாம். ஆகையால் பலகையை நம்பாமல் உள்ளே எட்டிப் பார்க்க வேண்டியது பெற்றோரின் வேலை.

உள்ளே எதைப் பார்ப்பது? சான் லொரென்சோ இல்லத்துக்கென்று எழுதிச் சுவரில் ஒட்டப்பட்ட விதிகள் இருந்தன. இல்லம் குடியிருப்புக்குள்ளேயே இருந்தது. தாய் எந்நேரமும் வந்து பார்க்கலாம். ஆசிரியையும் அதே கட்டடத்தில் குடியிருந்தார். குழந்தையைக் குளிப்பாட்டிச் சுத்த உடையில் அனுப்புவது தாயின் கடமை. வாரத்துக்கு ஒரு முறையேனும் அவள் ஆசிரியையைச் சந்தித்துப் பேச வேண்டும். தனிக் கட்டணம் கிடையாது. வாசற்கதவோடு தாயைத் திருப்பியனுப்பிவிட்டு உள்ளே நடப்பதைக் காட்ட மறுக்கும் இடத்தை, அதன் கட்டடம் எவ்வளவு அழகாயிருந்தாலும், நாம் அஞ்சத்தான் வேண்டும். 1975-ல் தொடங்கிய அரசாங்கத் திட்டத்தின்கீழ் நடக்கும் அங்கன்வாடி பல தெருக்களில் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. சோறும் முட்டையும் போடுகிறார்கள். ஏழைகள் போகும் இடம் என்று அதை ஒதுக்குவோர், மாண்டிசோரியின் முதல் இல்லமும் ஏழைகளின் இல்லமே என்பதை மறந்துவிடுகிறார்கள். எல்லா அங்கன்வாடியும் ஒன்றுபோல் இராது என்பதும் மெய்தான். அதையும் போய்த்தான் பார்க்க வேண்டும்.

1908-ம் ஆண்டு டிசம்பரில் மெசினா நகரம் பூகம்பத்தில் அழிந்தது. தாய் தந்தையரை இழந்து, பேச்சும் சிரிப்பும் அற்றுப்போன குழந்தைகளை உரோமையில் மரியாயின் பிரான்சிஸ்கு மிஷனரிக் கன்னியர் தங்கள் மடத்தில் ஏற்று, மாண்டிசோரி முறையில் வளர்த்தார்கள். பிள்ளைகள் மெல்ல மெல்ல ஓடியாடத் தொடங்கினர். இந்தக் கன்னியர் சபை, மதுரை மிஷனில் உழைத்த பாடுகளின் மரியா அன்னையால் 1877-ல் நமது உதகமண்டலத்தில் பிறந்தது என்பதை வாசகர்களில் எத்தனை பேர் அறிவர்!

1912-ல் தாயார் ரெனில்டே இறந்தார். அதன்பின் பதினைந்து வயது மரியோ தாயிடம் வந்து சேர்ந்தான். ஆயினும் வெளியாருக்கு அவன் அண்ணன் தம்பி பிள்ளை என்றும் வளர்ப்பு மகன் என்றுமே சொல்லப்பட்டான். அம்மையாரின் புகழ் அமெரிக்கா, ஸ்பெயின் என்று பரவியது. பாப்பரசர் 15-ம் ஆசீர்வாதப்பர் அவர் பணியை ஆசீர்வதித்தார். இத்தாலியில் முசோலினி முதலில் ஆதரித்து, 1934-ல் பள்ளிகளை மூடச் செய்தார். 1936-ல் உள்நாட்டுப் போர் மூண்டதால் ஸ்பெயினையும் விட்டு ஹாலந்து சேர்ந்தார்.

1939-ல், அறுபத்தொன்பதாம் வயதில், பிரம்மஞான சபையாரின் அழைப்பின்பேரில் சென்னை அடையாற்றுக்கு வந்தார். கீற்றுக் கொட்டகைகளில் சுமார் 300 பேர் பயிற்சிக்குக் கூடினார்கள். அம்மையார் இத்தாலிய மொழியில் பேச, மரியோ ஆங்கிலத்தில் சொல்லுவார். மறு ஆண்டு இத்தாலி யுத்தத்தில் இறங்கியதும், பகை நாட்டார் என்று மரியோவை அகமத்நகர் முகாமில் அடைத்தார்கள். அம்மையார் அடையாற்றைவிட்டு வெளியேறலாகாது என்று கட்டுப்படுத்தினார்கள். 1940 ஆகஸ்டு 31, அவருடைய எழுபதாவது பிறந்தநாள். அன்று வைசிராயிடமிருந்து தந்தி வந்தது: பிறந்தநாள் பரிசாக அவருடைய மகனை விடுதலை செய்வதாக. மகன் என்ற சொல் ஊரறிய வந்தது சென்னைக்கு வந்த அந்தத் தந்தியில்தான். அப்போது மரியோவுக்கு வயது நாற்பத்திரண்டு.

1942 முதல் 1944 வரை இருவரும் கொடைக்கானலில் தங்கினார்கள். மலைச்சரிவில் செடி, பூச்சி, கல் எல்லாவற்றையும் பிள்ளைகளோடு பார்த்துத் திரிந்த காலம் அது. போகுமிடமெல்லாம் குழந்தையை இடுப்பில் சுமந்து செல்லும் நம் நாட்டுத் தாய்மாரை அவர் கூர்ந்து கவனித்தார். பிறந்தது முதலே குழந்தை சுற்றியுள்ள பேச்சையும் பழக்கத்தையும் உறிஞ்சிக்கொள்கிறது என்று அவர் இந்தியாவில் ஆற்றிய விரிவுரைகளே 1949-ல் அடையாற்றில் நூலாக வெளிவந்தன. ஆயிரத்துக்கு மேற்பட்ட இந்திய ஆசிரியர்கள் அவரிடம் பயிற்சி பெற்றார்கள். 1946-ல் ஐரோப்பா திரும்பி, மறுபடியும் 1947-ல் வந்து, 1949 வரை இந்தியாவில் பணி செய்தார்.

1952-ம் ஆண்டு மே 6-ந் தேதி, ஹாலந்தின் கடலோரத்திலுள்ள நோர்த்வைக் ஊரில் காலமானார். அவ்வூர்க் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டார். உடனிருந்த மரியோ, 1982-ல் தாமும் இறக்கும்வரை தாயின் வேலையை நடத்திவந்தார்.